ஸ்பிரிங் வாஷர் போட்டும் சைலன்சர் நட்டு ஏன் கழலுது? ஒரு சம்புடத்தை வெச்சுப் பார்த்துடலாம்

[திரையில்: பெண்டு பைப் (புகையைச் சைலன்சருக்குக் கொண்டு போற வளைஞ்ச குழாய்) இன்ஜின் ஹெட்டோட சேர்ற இடம், கிட்டத்துல. நட்டு ஓரத்துல கறுப்பா கரி.]

இந்தக் கரி தெரியுதா? நட்டு ஓரத்துல மட்டும், மை தீட்டி விட்ட மாதிரி. புகை இந்த வழியா கசியுது. ஆக்சிலேட்டரை விட்டா "பட் பட்"னு வெடிக்குதா, ஐடிலிங்ல "டிக் டிக்"னு தட்டுதா, முதல்ல இங்க பாருங்க. கார்புரேட்டரைக் கழட்டாதீங்க. அது பாவம், ஒண்ணும் பண்ணல.

வணக்கம் மக்களே! காரைக்குடியில எந்த டீக்கடையில கேட்டாலும் இதுக்கு ஒரே மருந்துதான்: "ஸ்பிரிங் வாஷர் போட்டு நல்லா முறுக்குப்பா." அதுல வாஷர், அதான் ஒரு இடத்துல வெட்டிச் சுருள் மாதிரி திருகின வளையம், வேலை செய்யாது. முறுக்குறது ஸ்டட்டை, அதாவது ஹெட்டுல பதிச்சிருக்கிற தலையில்லாத போல்ட்டை, முறிச்சிடும். எப்படின்னு பார்ப்போம்.

தியரியை முப்பது செகண்டுல முடிச்சிடறேன். போல்ட்டுங்கறது ஒரு விறைப்பான ஸ்பிரிங். முறுக்கும்போது மயிரிழை நீளுது, திரும்பச் சுருங்கப் பார்க்குது, அந்த இழுப்புதான் பிடிப்பு. நீங்க ஸ்பேனர்ல போடற பலத்துல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு உரசலுக்கே போயிடும். மிச்சம் பத்துதான் பிடிப்பா மாறும். அவ்வளவுதான்.

இப்ப சம்புடம். ஆச்சிகிட்ட கேட்டு ஒரு எவர்சில்வர் சம்புடம் வாங்கிக்குங்க. சீப்புச் சீடை உள்ள இருந்தா நல்லது, வெயிட்டும் ஆச்சு, நடுவுல கொறிக்கவும் ஆச்சு.

[திரையில்: பலகை, சம்புடம்.]

ஒரு மீட்டர் பலகை. ஒரு முனைக்கு அடியில ஆத்தங்குடிக் கல்லு ரெண்டு மூணை அடுக்கி, 5 சென்டிமீட்டர் தூக்கியாச்சு. சரிவு ஏறக்குறைய 3 டிகிரி. 8 எம்எம் போல்ட்டோட மரையை நீட்டிப் பிரிச்சா அதுவும் இதே 3 டிகிரி சரிவுதான்! அப்ப சம்புடம்தான் நட்டு, பலகைதான் மரை.

வெச்சாச்சு. சம்புடம் அசையல. உரசல் பிடிச்சிருக்கு. பலகையை மேல கீழ லேசா தட்டறேன், பெருசா ஒண்ணும் ஆகல. இப்ப பக்கவாட்டுல மட்டும் ஆட்டறேன், இடது வலது, இடது வலது. பாருங்க... பக்கவாட்டுல வழுக்குது, கூடவே கீழயும் இறங்குது. கீழ நோக்கி நான் தள்ளவே இல்லை!

ஏன்னா உரசல், பொருள் எந்தப் பக்கம் வழுக்குதோ அந்தப் பக்கத்தைத்தான் எதிர்க்கும். அது பக்கவாட்டுல மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்போது சரிவைக் காவல் காக்க ஆள் இல்லை. உங்க வண்டி நட்டுக்கும் இதே கதிதான். போல்ட்டுக்குக் குறுக்கால பைப் ஆடினா மரையில வழுக்கல் வரும், வழுக்கல் வந்தா நட்டு தானா இறங்கும். யாரும் திருக வேண்டாம். 1969-ல கெர்ஹார்ட் யுங்கர்ங்கற ஜெர்மன் இன்ஜினியர் மெஷின் வெச்சு இதைக் காட்டினார். இன்னிக்கும் போல்ட் கழலுதான்னு சோதிக்கிற டெஸ்ட்டுக்கு அவர் பேர்தான்.

கணக்கு போடுங்க. ஒத்தை சிலிண்டர் வண்டி, 4000 ஆர்பிஎம். காரைக்குடியில இருந்து தேவகோட்டைக்கு அரை மணி நேரம்னு வெச்சா 1,20,000 சுத்து. ஒரு சுத்துக்கு ஒரு உலுக்கு. ஸ்பீடு பிரேக்கரை இதுல சேர்க்கவே இல்லை. (உங்க ஊர்ல எத்தனைன்னு கமெண்ட்ல போடுங்க, போட்டி வெச்சுடலாம்.)

சரி, ஸ்பிரிங் வாஷர்? நட்டு முழுசா இறுகும்போது அது தட்டையா நசுங்கிடும். அப்புறம் அதுக்கும் சாதா வாஷருக்கும் வித்தியாசம் இல்லை. நாசா 1990-ல போட்ட போல்ட் கையேடும் பூட்டுறதுக்கு இது உதவாதுன்னுதான் சொல்லுது. ராக்கெட் விடறவங்களே கைவிட்டாச்சு, நம்ம பட்டறையில மட்டும் தட்டு நிறைய இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வெட்ஜ் வாஷர். ஜோடியா வரும். வெளிப்பக்கம் பல்லு, உள்பக்கம் சாய்வான படி. அந்தப் படியோட சரிவு மரைச் சரிவை விட அதிகம், சூட்சுமமே அதுதான். நட்டு கழலத் திரும்பினா மரையில கொஞ்சம் இறங்கும், ஆனா வாஷர் படியில அதைவிட அதிகமா ஏறியாகணும். குன்றக்குடி மலையில ஒரு படி இறங்கணும்னா முதல்ல ரெண்டு படி ஏறுன்னா எவன் இறங்குவான்? அங்கேயே உக்கார்ந்துடுவான். நட்டும் உக்கார்ந்துடும். கழலப் பார்த்தா பிடிப்பு இன்னும் கூடுது, என்ன அழகான புத்தி! மாட்டும்போது படியும் படியும் முகம் பார்க்கணும். அடியில இன்னொரு சாதா வாஷர் போடாதீங்க. பல்லு அதைக் கவ்வும், ரெண்டும் சேர்ந்தே சுத்தும்.

ஆனா முதல் வேலை வாஷர் இல்லை, ஆட்டத்தை நிறுத்தறது. ஆட்டம் எங்க இருந்து வருது? பின்னாடி சைலன்சர் போல்ட்டைக் கழட்டிப் பாருங்க. ஓட்டை நேரா நிக்கணும். பைப் ஒரு பக்கம் துள்ளி விலகினா, அதுவரைக்கும் முன்னாடி ஸ்டட்டுதான் அந்த இழுவையைச் சுமந்திருக்கு. கடப்பாரை போட்டு நெம்பி மாட்டாதீங்க. இடைவெளிக்கு வாஷர் வெச்சு நிரவுங்க. பின்னாடி போல்ட் நுழையற ரப்பர் புஷ்ஷுக்குள்ள ஒரு இரும்புக் குழல் இருக்கும். நிறைய வண்டியில அது காணாமப் போயிருக்கும். குழல் இல்லாட்டி போல்ட் ரப்பரைத்தான் நசுக்கும், ரப்பர் நாளாக நாளாகப் படிஞ்சு போகும், பிடிப்பு காலி.

மாட்டற முறை: இன்ஜின் ஆறி இருக்கணும். பைப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துட்டு புதுசு போடுங்க. அது ஒரு தடவை நசுங்கறதுக்குத்தான், மறுபடி போட்டா நசுங்க மிச்சம் இருக்காது. முன்னாடி, பின்னாடி எல்லாத்தையும் கையால மட்டும் மாட்டுங்க. அப்புறம் ஹெட்டுல இருக்கிற ரெண்டு நட்டையும் மாத்தி மாத்திக் கால் சுத்து. அது முடிஞ்சப்புறம்தான் பின்னாடி போல்ட். தலைகீழா செஞ்சா முன்னாடி நட்டு பைப்பை இழுத்து வளைக்கத்தான் பாடுபடும்.

எவ்வளவு இறுக்கம், அதாவது டார்க்? உங்க வண்டி மேனுவல்தான் கடைசி வார்த்தை. பொதுவா 6 எம்எம் ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 எம்எம்முக்கு 20 முதல் 25. டார்க் ரெஞ்ச் இல்லையா? ஒரு கொக்கித் தராசு போதும். நட்டு நடுவுல இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனர்ல மாட்டி, ஸ்பேனருக்கு நேர் செங்குத்தா 10 கிலோ காட்டற வரைக்கும் இழுத்தா அதுதான் 10 நியூட்டன் மீட்டர். 8 எம்எம்முக்கு 15 சென்டிமீட்டர் தள்ளி 15 கிலோ. பத்தாம் நம்பர் ஸ்பேனர்ல பைப் செருகி ஏறி நிக்கறவங்களுக்கு: ஹெட் அலுமினியம். மரை போச்சுன்னா லேத் பட்டறைதான்.

உள்ள நைலான் வளையம் வெச்ச நைலாக் நட்டு ஹெட்டுல வேண்டாம். அந்த நைலான் 120 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். மரையில ஊத்தற நீலப் பசையும் 150, 180 டிகிரியோட சரி. ரெண்டும் பின்னாடி போல்ட்டுக்கு நல்லது. முன்னாடிக்கு முழுக்க இரும்புல, செம்பு முலாம் பூசின லாக் நட்டு கேளுங்க. கிடைக்கலேன்னா டபுள் நட்டு. மெல்லிசு அடியில, தடிமன் மேல. மெல்லிசை ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு மேல இருக்கறதை முறுக்கணும்.

இன்னொண்ணு, மாட்டு வண்டிக் கடையாணி ஞாபகம் இருக்கா? இறுக்கத்தை நம்பாம, குறுக்கால நின்னு சக்கரத்தை மறிக்குமே, அதே வேலையைச் செய்யற கம்பி இருக்கு. போல்ட் தலையில ஒண்ணரை எம்எம் ஓட்டை, 0.8 எம்எம் ஸ்டெயின்லெஸ் கம்பி, முறுக்கிப் பக்கத்து போல்ட்டோட கட்டணும். கம்பி இழுக்கற திசை, போல்ட் இறுகற திசையா இருக்கணும். மாத்திக் கட்டினா அழகுக்குத்தான் ஆகும்.

துருவைப் பத்தி ஒரு வார்த்தை. அரிப்பைப் பத்தி ஆராய நம்ம ஊர்லயே 1953-ல திறந்த சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கு, நாம துருப்பிடிச்ச நட்டைச் சுத்தியலால அடிச்சுக்கிட்டு இருக்கோம். செம்பு கலந்த ஆன்ட்டி சீஸ் பசையை மரையில லேசா தடவினா அடுத்த தடவை ஸ்டட்டோட சேர்ந்து வராது. ஆனா உரசல் குறையறதால அதே டார்க்குக்கு இழுப்பு எகிறும், கால் பங்கு குறைச்சே இறுக்குங்க.

இறுக்கினதும் நட்டுல இருந்து அது உக்கார்ற பிளேட் வரைக்கும் ஒரு கோடு போடுங்க. பின்னாடிக்கு நெயில் பாலிஷ் போதும், ஹெட்டுல கருகிடும், அங்க ஊசியால கீறுங்க. புது பேக்கிங் முதல் ரெண்டு மூணு சூட்டுல இன்னும் படியும். அதனால 100 கிலோமீட்டர் ஓடினதும், காலையில வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, அதே டார்க்குல ஒரு தடவை பாருங்க. அப்புறம் செயினுக்கு ஆயில் போட குனியும்போதெல்லாம் அந்தக் கோடு உடைஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்தா போதும்.