240 ஜிஎஸ்எம், ஓவர்சைஸ்டு, சர்ப்ளஸ்: எம்.சி. ரோடு டேக்கைப் படிக்கிறது எப்படி?

[காட்சி: சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை, துணிக்கடை வரிசையா இருக்கிற எம்.சி. ரோடு, சாயங்காலம். கடை வாசல்ல தொங்குற டி-ஷர்ட் வரிசை. கேமரா ஒரு அட்டை டேக்கிட்ட போய் நிக்குது.]

‘240 ஜிஎஸ்எம், ஓவர்சைஸ்டு, பயோ வாஷ், 100% காட்டன், பிரீமியம்.’

ஒரு சின்ன அட்டையில அஞ்சு சமாச்சாரம். இதுல நாலை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். ஒண்ணை தராசுல, ஒண்ணை இன்ச் டேப்புல, ஒண்ணை விரல் நுனியில, ஒண்ணை தீக்குச்சியில. ‘பிரீமியம்’ மட்டும் எதுலயும் சிக்காது. அது அட்டை அச்சடிச்சவர் குடுத்த பட்டம்.

முதல்ல தராசு.

[காட்சி: சமையலறைத் தராசு. மடிச்ச டி-ஷர்ட் ஒண்ணு மேல வைக்கப்படுது. திரையில 160 கிராம்.]

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடைங்கிற கணக்கு, அவ்வளவுதான். 140 – 160 மெல்லிசு, வெளிச்சத்துல பிடிச்சா கை தெரியும். 180 சாதாரண நல்ல டி-ஷர்ட். 220, 240 கனம். 280-க்கு மேல போனா ஹூடி, ஸ்வெட்ஷர்ட் ரகம்.

துணிக்காரங்க 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, எடை போட்டு, நூறால பெருக்குவாங்க. நாம சட்டையை வெட்ட முடியாது. அதனால முழுசா நிறுத்துடலாம். இந்த டி-ஷர்ட்டைத் தரையில விரிச்சு அளந்தா அகலம் 52 செ.மீ., நீளம் 70. முன்னும் பின்னும் சேர்த்து 0.73 சதுர மீட்டர். கை ஒவ்வொண்ணும் 20 செ.மீ. நீளம், சராசரியா 19 அகலம். ரெண்டு கையும், மேல் கீழ் ரெண்டு பக்கமும் சேர்த்தா 0.15. மொத்தம் 0.88. கழுத்துல வெட்டின துணி குறையும், காலர் ரிப்பும் அடிமடிப்பும் கூடும். கிட்டத்தட்ட சரியாப் போயிடும். எடை 160 கிராம். 160-ஐ 0.88-ஆல வகுத்தா 182. ஆக, இது 180 ஜிஎஸ்எம் துணி. அட்டையில 240-ன்னு போட்டிருந்தா அது பொய். பத்து பதினஞ்சு கூடக்குறைய வர்றதைப் பெருசா எடுத்துக்க வேணாம். அறுபது தள்ளிப்போனா விடாதீங்க.

[காட்சி: கடைக்குள்ள. குரல் மட்டும்.]

‘அண்ணே, இது எத்தன ஜிஎஸ்எம்?’
‘டூ ஃபார்ட்டிம்மா. பிடிச்சுப் பாரு, எவ்ளோ கனம்!’

கையில பிடிச்சா கனமாத்தான் இருக்கும். ஆனா தொட்டா மொறுமொறுப்பாவும் இருந்தா, கஞ்சி மாதிரி ஏத்தின ஃபினிஷிங்கா இருக்கலாம். ரெண்டு தண்ணி பார்த்ததும் அது போயிடும், துணி தளர்ந்துடும். எடையை ஒரு தடவை துவைச்சுக் காயவெச்சப்புறம் பாருங்க, அதுதான் நிஜ எடை.

கனம் கூடினா தரம் கூடும்னு அர்த்தமும் இல்ல. மே மாசம், கடல்காத்து ஈரத்தோட, திருவொற்றியூர் பஸ்ல நின்னுக்கிட்டு 240 போட்டுட்டுப் போனா வேர்வை உள்ளயே நிக்கும். மாடிக் கொடியில காயவும் நேரம் எடுக்கும். அரைகுறையாக் காஞ்சதை மடிச்சு வெச்சா முடை நாத்தம் வரும். அப்புறம் ஏன் எல்லா ஓவர்சைஸ்டும் 220, 240-ல வருது? மெல்லிசு துணியில அந்த வெட்டு நிக்காது, உடம்போட ஒட்டிக்கிட்டுத் தொங்கும். அதனால நம்ம ஊருக்கு ஓவர்சைஸ்டு வேணும்னா 200 போதும், 220-ஐத் தாண்ட வேணாம். சாதாரண ஃபிட்டுக்கு 160-லேர்ந்து 180.

இப்ப இன்ச் டேப்.

[காட்சி: ரெண்டு டி-ஷர்ட் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு ஓவர்சைஸ்டு வெட்டு. இன்னொண்ணு சாதாரண ஃபிட், டபுள் எக்ஸ்எல்.]

அதிகமா ஏமாறுற இடம் இதுதான். மீடியம் போடுறவர் டபுள் எக்ஸ்எல் எடுத்தா அது ஓவர்சைஸ்டு ஆகாது, அப்பா சட்டை ஆகும். பெரிய சைஸ்ல கழுத்தும் பெருசாகும், நீளமும் கூடும். கழுத்தெலும்பு வெளிய தெரியும், அடி தொடைக்கு வரும். ஓவர்சைஸ்டு வெட்டுல கழுத்து உங்க சைஸ்தான். நீளமும் ஒரு இன்ச் கூடினாலே அதிகம். அகலம் மட்டும் கூடும், அக்குள் ஆழமா இறங்கும், தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டி ரெண்டு மூணு இன்ச் கீழ விழும். இதுக்குத்தான் ‘டிராப் ஷோல்டர்’னு பேரு. கை முழங்கை வரைக்கும் வரும்.

மார்பு 38 இன்ச் இருக்கறவருக்குக் கணக்கு இது. ஒரு அக்குள்லேர்ந்து இன்னொரு அக்குள் வரைக்கும் தட்டையா அளந்தா ஸ்லிம் ஃபிட் 19½, ரெகுலர் 20½, ஓவர்சைஸ்டு 23-லேர்ந்து 24. உடம்பை அளந்துட்டுப் போறதைவிட, வீட்டுல உங்க உடம்புல சரியா உக்கார்ற ஒரு டி-ஷர்ட்டை அளந்துட்டுப் போங்க. ‘எல்’னு போட்ட எழுத்து கடைக்குக் கடை மாறும். இன்ச் மாறாது.

டேப் கையில இருக்கும்போதே இன்னொண்ணும் பார்த்துடுங்க. டி-ஷர்ட்டோட ரெண்டு தோளையும் பிடிச்சுத் தூக்குங்க. பக்கவாட்டுத் தையலைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனா, துணியில செங்குத்தா மெல்லிசான பின்னல் கோடு ஓடுறது தெரியும். அந்தக் கோடும் தையலும் இணையா ஓடணும். கோடு சாய்ஞ்சு தையலை வெட்டிக்கிட்டுப் போனா, நாலு தண்ணியில பக்கத்துத் தையல் திரும்பி தொப்புள் பக்கம் வந்துடும். முறுக்கேத்தின நூல், தண்ணி பட்டதும் முறுக்கு விட்டுக்கப் பார்க்கும். சிங்கிள் ஜெர்ஸிங்கிற ஒத்தைப் பின்னல் துணியில அதைத் தடுக்க ஆள் இல்ல, சட்டையே திரும்பிக்கும். தேய்ச்சு நேராக்கினாலும் அடுத்த துவைப்புல மறுபடி திரும்பும். இதை டெய்லராலயும் சரிபண்ண முடியாது. கடையிலயே விட்டுட்டு வந்துடுங்க.

விரல் நுனி, பயோ வாஷுக்கு.

[காட்சி: துணி மேல சாய்வா டார்ச் வெளிச்சம். எழுந்து நிக்கிற பஞ்சு இழை.]

பருத்தித் துணி மேல கண்ணுக்குத் தெரியாத பஞ்சு முடி நிக்கும். செல்லுலேஸ்னு ஒரு என்சைம் கரைசல்ல துணியை ஓட்டினா அந்த முடியை அது தின்னுடும். துணி வழவழன்னு ஆகும், நிறமும் தெளிவாத் தெரியும். பயோ வாஷ்ங்கிறது இதுதான். கட்டைவிரலால ஒரே இடத்துல இருபது தடவை தேய்ச்சுட்டு, போன் டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. பஞ்சு பொங்கினா வாஷ் பேருக்கு நடந்திருக்கு.

கடைசியா தீக்குச்சி. இதைக் கடையில பண்ணாதீங்க. அண்ணன் அதுக்கப்புறம் வேற மாதிரி பேசுவாரு. வீட்டுல, தண்ணி பக்கத்துல வெச்சுக்கிட்டு, உள்பக்க ஓரத்துலேர்ந்து ஒரு இழை உருவி, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்துங்க. பருத்தி, காகிதம் எரியற வாசனையோட எரிஞ்சு, ஊதினாப் பறக்கற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, கடைசியில கருப்பா கெட்டி மணி நிக்கும். ரெண்டும் கலந்திருந்தா சாம்பலுக்குள்ள கல்லு மாதிரி நெருடும். ஒரு எச்சரிக்கை: உருவ வேண்டியது துணி இழையை, தையல் நூலை இல்ல. சுத்தமான காட்டன் சட்டையைக் கூட பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்லதான் தைக்கிறாங்க. அதைக் கொளுத்திட்டுக் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

ரேயானும் காகிதம் மாதிரித்தான் எரியும், ஏன்னா அதுவும் மரக்கூழ்லேர்ந்து வர்ற செல்லுலோஸ். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க இழையை நனைச்சு இழுங்க. நனைஞ்ச பருத்தி வலுவாகும். நனைஞ்ச ரேயான் பொட்டுனு அறுந்துடும். இப்ப ட்ரெண்டுல இருக்கிற கோ-ஆர்டு செட், அதாவது மேலயும் கீழயும் ஒரே துணி, நிறைய ரேயான்லதான் வருது. போட்டா ஜில்லுனு இருக்கும், நம்ம வெயிலுக்கு நல்ல துணி. ஆனா முறுக்கிப் பிழிஞ்சா தையல் ஓரத்துல விட்டுடும், சுருங்கவும் செய்யும். பேன்ட் நீளத்தை ஒன்றரை இன்ச் கூட வெச்சு வாங்குங்க. ஒரு தடவை அலசின பிறகு அடி மடிங்க.

[காட்சி: ஜீன்ஸ் வரிசை. கீழ் வாய் அகலத்தைக் காட்டுற டேப்.]

பேன்ட் பேரெல்லாம் கீழ் வாய் அகலத்தோட விளையாட்டு. தட்டையா அளந்தா ஸ்கின்னி 6 இன்ச், ஸ்லிம் 7, ஸ்ட்ரெய்ட் 8-லேர்ந்து 8½, வைட் லெக் 10-க்கு மேல. தொடையும் லூசா, கீழயும் லூசா இருந்தா பேகி. முழங்கால் வரை ஒட்டி, அதுக்குக் கீழ விரிஞ்சா பெல்பாட்டம். இப்ப ‘ஃப்ளேர்’னு புதுப் பேர்ல வருது. ஆனா பேன்ட் பிடிக்கிறதும் பிடிக்காததும் ரைஸ்ல இருக்கு. காலிடுக்குத் தையல்லேர்ந்து இடுப்புப் பட்டை வரைக்கும் உள்ள உயரம் அது. வைட் லெக்கை லோ ரைஸ்ல எடுத்தா கால் குட்டையாத் தெரியும். தொப்புள் கிட்ட நிக்கிற ஹை ரைஸ்ல எடுங்க.

ஜீன்ஸ் கனத்தை அவுன்ஸ்ல சொல்லுவாங்க, ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ்னு. ஒரு அவுன்ஸ் சுமார் 34 ஜிஎஸ்எம். 12 அவுன்ஸ் ஜீன்ஸ்னா 400-ஐத் தாண்டுது, யோசிச்சுக்குங்க. சென்னைக்கு 8-லேர்ந்து 10 அவுன்ஸ்.

[காட்சி: குவியலா டி-ஷர்ட். கழுத்து லேபிள் வெட்டப்பட்டிருக்கு.]

சர்ப்ளஸ். திருப்பூர்ல ஒரு ஆர்டர் வந்தா, எங்கயாவது பழுது வரும்னு கொஞ்சம் கூடுதலாவே தைப்பாங்க. பழுது வராம மிஞ்சினது சர்ப்ளஸ். பழுதுன்னு ஒதுக்கினது ரிஜெக்ட். கடைக்கு ரெண்டும் ஒரே மூட்டையில வரும், ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சுடுவாங்க. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ இது ரெண்டும் இல்ல, அது நேரா போலி. ரிஜெக்ட்னா தப்பில்ல, என்ன பழுதுன்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான். தையல் ஓரத்தை ரெண்டு கையால இழுத்துப் பாருங்க. ஊசி குத்தின இடத்துல பின்னல் அறுந்து சின்னப் பொத்தல் இருந்தா, துவைக்கத் துவைக்க அது பட்டாணி அளவு ஆகும். ஷேடு வித்தியாசத்தைக் கடை விளக்குல நம்பாதீங்க. வாசலுக்குக் கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்துல கையையும் உடம்பையும் சேர்த்துப் பாருங்க. சுடிதாருக்குத் துப்பட்டா மேட்ச் பண்றதும் அப்படித்தான்.

[காட்சி: ஒரு கட்டம் போட்ட கைலி, பக்கத்துல அதே கட்டத்துல ஒரு சட்டை.]

இப்ப நம்ம ஏரியா சரக்கு ஒண்ணு. மெட்ராஸ் செக்ஸ், அதாவது கட்டம் போட்ட துணி. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதித் துணியை வெளுத்த வண்ணார்களோட பேட்டை வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களைக் குடியேத்தின காலட் பேட்டை, இன்னிக்குக் காலடிப்பேட்டை; ஜோசஃப் காலட் 1717-லேர்ந்து 1720 வரைக்கும் இங்க கவர்னர். இந்தக் கடற்கரையிலேர்ந்து போன கட்டம் போட்ட துணி, நைஜீரியாவுல கலபாரி மக்கள்கிட்ட ‘இஞ்சிரி’ ஆச்சு. அதுல சில இழையை மட்டும் பிளேடால அறுத்து உருவி, அவங்க புது டிசைனே பண்ணிட்டாங்க. நாம கைலின்னு வீட்டுக்குள்ள கட்டுற அதே கட்டத்தை அமெரிக்காக்காரன் கோட்டாத் தைச்சு கிளப்புக்குப் போட்டுட்டுப் போனான்.

1958-ல நியூயார்க் பிரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு இங்கேருந்து 10,000 கெஜம் போச்சு. குளிர்ந்த தண்ணியில தனியா அலசணும்ங்கிற பேச்சு, வாங்கினவங்க காதுக்குப் போகல. மெஷின்ல போட்டதும் சாயம் ஓடி, கூட இருந்த துணியெல்லாம் நிறம் மாறிப்போச்சு. புகார் குவிஞ்சப்புறம், சாயம் விடுறதுதான் இதோட அழகுன்னே விளம்பரம் பண்ணாங்க, ‘பிளீடிங் மெட்ராஸ்’னு. குறையையே பேராக்கின கெட்டிக்காரத்தனம்!

நெசவுக் கட்டமா, அச்சடிச்சதான்னு பார்க்க துணியைத் திருப்புங்க. சாயமேத்தின நூல்ல நெய்ததுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நிறம். அச்சுக்குப் பின்பக்கம் வெளிறியிருக்கும். வெள்ளைக் கர்ச்சீப்பை நனைச்சுப் பத்து தடவை தேய்ங்க, சாயம் ஏறினா முதல் மூணு துவைப்பு தனியா. உப்புத் தண்ணியில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு எல்லா வீட்டுலயும் சொல்லுவாங்க. உப்பு, சாயத் தொட்டியில நிறத்தைத் துணிக்குள்ள தள்ள உதவுறது. தைச்ச சட்டையில ஒட்டாம மிதக்கற சாயத்தை அது பிடிச்சு வெக்காது. அலசி வெளியேத்துறதுதான் வழி.

கோடவுன் தெருவுல மீட்டர் கணக்குல எடுத்துத் தைக்கிறதா இருந்தா முதல்ல பன்னா கேளுங்க, துணியோட அகலம். 58 இன்ச் பன்னான்னா ஃபுல் ஹேண்டு சட்டைக்கு 1.6 மீட்டர். 36 இன்ச்னா இரண்டேகால்லேர்ந்து இரண்டரை. கட்டத் துணிக்குக் கால் மீட்டர் சேர்த்து எடுங்க. பாக்கெட், பட்டன் பட்டி ரெண்டுலயும் கட்டம் கோடு தப்பாம சேரணும்னா டெய்லருக்கு நகர்த்தி வெட்ட இடம் வேணும். வெட்டறதுக்கு முன்னால ராத்திரி பூரா நனைச்சுக் காயவெச்சுக் குடுங்க.

[காட்சி: ஆல்ட்டர் டெய்லரோட மெஷின். பக்கத் தையல் பிரிக்கப்படுது.]

ரெடிமேட்ல பக்கத்தைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையைச் சுருக்கலாம், அரை மணி நேர வேலை. தோள் இறங்கியிருந்தா கையையே பிரிச்சு, அக்குளை மறுபடி வெட்டி மாட்டணும். அதுக்குக் கேக்கற கூலியில இன்னொரு டி-ஷர்ட்டே வாங்கிடலாம். அதனால ட்ரயல் போடும்போது கண்ணாடியில முதல்ல தோளைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.