நூலகம் இடம் மாறும் முன் நிலம் கைமாறட்டும்

(நூலக வார விழாவில் வாசகர் வட்டத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, காலை நாளிதழ் மேசையில் தினமும் பார்த்துக்கொள்கிற நண்பர்களே, வணக்கம்.

நம் கிளை நூலகத்தை வாடகைக் கட்டிடத்திலிருந்து மாற்றி, நகராட்சி தருகிற இடத்தில் சொந்தக் கட்டிடம் கட்டப் போகிறார்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் பெரிய மகிழ்ச்சி. மழைக்காலம் வந்தால் அலமாரிக்குத் தார்ப்பாய் போர்த்துகிற கட்டிடத்தில் இன்னும் எத்தனை வருடம் இருப்பது? ஆனால் நகராட்சி இந்த இடத்தை எப்படித் தரப் போகிறது, எழுதிக் கொடுக்குமா, சும்மா இருந்துகொள்ளச் சொல்லுமா என்பதை இதுவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு பக்கம் நகராட்சி. எதிர்ப் பக்கத்தில் இருப்பது நம் நூலகர் என்று பலர் நினைக்கிறார்கள். பாவம், அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. எதிர்ப் பக்கத்தில் இருப்பது மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்துகிற மாவட்ட நூலக ஆணைக்குழு. சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்காக வந்த முதல் சட்டம் அது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக எத்தனை வருடம் போராடினார் என்று இந்த அரங்கில் சொல்லத் தேவையில்லை. அந்தச் சட்டம் ஆணைக்குழுவைத் தனிச் சட்ட அமைப்பாகவே உண்டாக்கியது. சொத்து வாங்கலாம், தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம். ஆகவே இடத்தை ஆணைக்குழுவின் பெயரில் எழுதுவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

பிறகு ஏன் பல ஊர்களில் எழுதுவதில்லை? வாய்மொழியாகவே காரியம் ஓடிவிடுவதால்தான். தலைவர் சொல்கிறார், அதிகாரி தலையாட்டுகிறார், பூமி பூஜை நடக்கிறது, படம் எடுக்கிறோம். பத்து வருடம் கழித்து வேறொரு மன்றம் வரும். அந்த இடத்தில் கடைகள் கட்டினால் நகராட்சிக்கு வருமானம் வருமே என்று யாராவது கணக்குப் போடுவார்கள். அன்றைக்கு நம் கையில் என்ன இருக்கும்? ‘நூலகம் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கலாம்’ என்று ஒரு பழைய தீர்மானம் இருக்கும். அனுமதி கொடுத்தவர் அதைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் நவம்பரிலேயே அதை நுங்கம்பாக்கத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கட்டிடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அமைச்சரவை முடிவு செய்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் குரல் எழுப்பினார்கள், வழக்கு போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதனால்தான் அது இன்றும் அங்கேயே இருக்கிறது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு கிளை நூலகத்துக்காக யார் உயர் நீதிமன்றம் வரை போவார்கள்?

சரி, என்ன கேட்க வேண்டும்? முதலில் அந்த இடம் நகராட்சியின் சொந்த நிலமா, இல்லை நகராட்சியின் பராமரிப்பில் இருக்கிற அரசுப் புறம்போக்கா என்று கேட்க வேண்டும். சொந்த நிலம் என்றால் மன்றத் தீர்மானமும் மேலிட ஒப்புதலும் வேண்டும். புறம்போக்கு என்றால் மன்றம் மட்டும் முடிவு செய்ய முடியாது. வட்டாட்சியர் அறிக்கையிலிருந்து தொடங்கி வருவாய்த் துறை வழியாகத்தான் நில மாற்றம் நடக்க வேண்டும். அது குளத்துப் புறம்போக்காகவோ வாய்க்கால் புறம்போக்காகவோ இருந்துவிட்டால், அந்த யோசனையை அன்றே விட்டுவிடுவது நல்லது. நீர்நிலையில் கட்டினால் நீதிமன்றம் விடாது, விடவும் கூடாது. மனைப்பிரிவில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தை, ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று நூலகத்துக்குக் கொடுப்பதும் அப்படித்தான். குழந்தைகளின் விளையாட்டிடத்தைப் பிடுங்கி அவர்களுக்கே புத்தகம் கொடுப்பதில் என்ன நியாயம்? ஆகவே நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அளவையர் வந்து கல் நட்ட பிறகுதான் கட்டிட மதிப்பீடு.

அடுத்தது நூலக வரி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். வசூலிப்பது உள்ளாட்சி, சேர வேண்டியது ஆணைக்குழுவுக்கு. வசூலித்ததை அனுப்பாமல் நிலுவை வைத்திருக்கிற உள்ளாட்சிகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. இடம் பற்றிப் பேச உட்காரும்போது, ‘இடத்தின் மதிப்பை நிலுவையில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று எந்த ஊரில் யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அது நகராட்சியின் பணமே அல்ல. புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் என்று நாம் கொடுத்த பணம். இடத்தை வாங்கிக்கொண்டு நிலுவையை விட்டுவிட்டால், புதுக் கட்டிடத்தில் பழைய புத்தகங்கள்தான் இருக்கும்.

இன்னொரு அனுபவமும் நம் மாநிலத்துக்கு உண்டு. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், 12,618 ஊராட்சிகளிலும் படிப்படியாக நூலகம் அமைக்க முனைந்தார்கள். நல்ல எண்ணம்தான். கட்டிடமும் ஊராட்சியுடையது, நடத்துகிற பொறுப்பும் ஊராட்சியுடையது. நூலகத் துறை வெளியே நின்றது. பல ஊர்களில் அவை பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நிலம் கையில் இருந்தும், நடத்தத் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளாததன் விளைவு அது. அதனால் நம் ஊரில் பத்திரம் எழுதும்போதே பராமரிப்பு, மின்கட்டணம், குடிநீர், கழிப்பறை யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இடம் எங்கே என்பதிலும் எனக்குக் கவலை இருக்கிறது. புறவழிச்சாலைக்கு அருகில் என்று காதில் விழுகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது, ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று. அதே வருடம்தான், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகம் அன்று மக்களைத் தேடிப் போனது. இன்று எழுபது வயதுப் பெரியவரையும் பள்ளி விட்டு வருகிற பிள்ளையையும் ஆட்டோ பிடித்து வா என்பதா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் மாலை ஏழு மணிக்கு அங்கிருந்து எப்படித் திரும்புவார்கள்? பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இல்லாத இடம், இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்கிற துணிச்சல் நமக்கு வேண்டும். நகரத்துக்குள்ளேயே நகராட்சியின் பழைய கட்டிடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கேட்போம்.

அப்புறம், புது இடம் திறக்கிற நாள் வரை பழைய வாடகைக் கட்டிடத்தைக் காலி செய்யக் கூடாது. மூட்டை கட்டிய புத்தகங்கள் கரையான் பிடித்துப்போன கதை வேண்டாம்.

அடுத்த மாதம் நகர்மன்றம் கூடுகிறது. ஆணைக்குழுவின் பெயரில் உரிமை மாற்றம், வரி நிலுவையைத் தனியாகச் செலுத்துவது, நகரத்துக்குள் இடம், அதுவரை பழைய இடத்தில் சேவை என்று எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. இங்கே ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலரானவர்கள் பலர் இருக்கிறீர்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள்தான் கேட்கிறார்கள் என்று மன்றத்துக்குத் தெரிய வேண்டும். மனுவின் ஒரு நகல் மாவட்ட நூலக அலுவலருக்கும் போகிறது. நன்றி, வணக்கம்.