கூடையில் ஏறிய மணல்

அன்பான நேயர்களே, வணக்கம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்கு மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கும். உபதேசியார் சுத்தியலால் அடித்தால் அடுத்த மலை லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், வரைக்கும் கேட்கும். கோயிலை இடித்துக் கட்டியபோது எல்லாம் மாறியது. அந்தத் துண்டை மாற்ற மட்டும் எங்கள் அம்மாமார் விடவேயில்லை.

பழைய கோயில் மண்சுவர், தகரக் கூரை. ஒரு மழைக்காலத்தில் மேற்குச் சுவர் சரிந்து விழுந்தது. சரி, கட்டலாம் என்றால் லொறி மேலே வராது. மணலைக் கீழ் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், காலையிலிருந்து மலையில் நின்ற அதே பெண்கள், அதே கூடையில் மணலை அள்ளிக்கொண்டு படியேறினார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கூடை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கல். மாரியம்மன் கோயில்காரர்கள் சீமெந்து தந்தார்கள். அவர்கள் தேருக்கு நாங்களும் தோள் கொடுப்பவர்கள்தானே!

பீடத்துப் பக்கச் சுவரில் பூச்சு காய்ந்தபோது ஒரு தேயிலை ஒட்டியிருந்தது. கூடையின் அடியில் கிடந்து மணலோடு வந்திருக்கிறது. மேசன் சுரண்டப் போனார். பூசை வைக்கும் சுவாமி வேண்டாமென்று தடுத்துவிட்டார். இலை உதிர்ந்துவிட்டது, அதன் நரம்புகள் பதிந்த தடம் இன்றும் இருக்கிறது. பெண்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள்.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் கோலத்தில் இலங்கைக்கு வந்தவர் யோசப் வாஸ் அடிகளார். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். அந்தச் சிறை வளவிலேயே குடிசைக் கோயில் போட்டுப் பூசை வைத்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர், "நம்ம கோலத்துல வந்த சாமி" என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மாதம் ஒரு பூசை. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவார். செவ்வாய்க்கிழமை நவநாளுக்குத்தான் கூட்டம். இந்துப் பெண்களும் வருவார்கள். கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்காகத்தான் அதிகம் மெழுகுவர்த்தி எரிகிறது.

ஜூன் 13 திருவிழா. முதல் நாள் இரவு சப்பரம் லயம் லயமாகச் சுற்றி வரும். நீங்களும் வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து, மேலே குளிரும். ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.