அப்பாயியின் 75 கியாட் நோட்டு

வணக்கம். வெள்ளிக்கிழமைச் சமையலுக்காகக் காத்திருந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சென்ற ஆண்டுக் காணொளி ஒன்றில், கோழிகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டே "அந்தப் பெட்டியை என் மூஞ்சிக்கு நேரே பிடிக்காதே" என்று என்னை விரட்டினாரே, அந்த அப்பாயி 93 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது.

அன்று பந்தியில் அமர்ந்த உறவினர் ஒருவர், "பாவம், அடுப்படியே கதியென்று கிடந்த பிறவி" என்றார். இலைக்கு முன்னால் சண்டை போடக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூட மாட்டேன்.

மறுநாள் அவருடைய வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில், நான்காக மடித்த ஒரு 75 கியாட் நோட்டு, பர்மாப் பணம், கிடைத்தது. பர்மாவின் விடுதலைத் தலைவர் ஜெனரல் ஆங் சான் படம் போட்ட நோட்டு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமற்போயின, மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பர்மாவில் பெகு நகரத்துப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் பெட்டி நிறைய வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, அப்பாயிக்கு நட்டம் இந்த ஒரே ஒரு தாள்தான்.

அதற்குக் காரணம் 1964. அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தபோது, எருமைப்பால் விற்று அவர் சேர்த்ததையெல்லாம் மாற்றித் தருவதாக வாங்கிப்போன ஆள் திரும்பவே இல்லை. அன்றோடு தாள்மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. அரசுக்கு அளக்க வேண்டிய நெல்லை அளந்துவிட்டு, வீட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கியது போக மிஞ்சியதை விலை ஏறும்வரை குதிரிலேயே வைத்திருந்து, விற்ற அன்றே பெகுவுக்குப் போய் ஒரு பே, இரண்டு பே என்று தங்கமாக வாங்கிவிடுவார். ஒரு பே என்பது ஏறத்தாழ ஒரு கிராம். 16 பே சேர்ந்தால் ஒரு கியாட்தா, அதுவும் பர்மிய எடைதான். என் அப்பாவின் படிப்பும் மூன்று அத்தைகளின் திருமணமும் அந்தப் பேக்கணக்கில்தான் நடந்தன. அடுப்படியாம்!

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதே 1964இல், கடைகளெல்லாம் நாட்டுடைமையாகி, நம்மவர்கள் இந்தியாவுக்குப் போக ரங்கூன் துறைமுகத்தில் மூட்டையோடு நின்ற காலத்தில், தாத்தாவும் கப்பலேறத் துணிந்திருந்தார். "நாற்று நட்டாயிற்று, அறுத்துவிட்டு யோசிக்கலாம்" என்றாராம் அப்பாயி. அடுத்த ஆண்டும் நாற்று நட்டார். இது அவர் தகப்பனார் வழியில் வந்த குணம். 1942 பிப்ரவரியில், ஜப்பானியரைத் தடுக்கப் பிரிட்டிஷ் படை சித்தாங் ஆற்றுப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபின், தெருவில் பாதிப்பேர் எல்லையிலுள்ள தமு ஊர் வழியாக இந்தியாவுக்கு நடக்கக் கிளம்பியும், இரண்டு எருமைகளை யாரிடம் விடுவதென்று அவர் தங்கிவிட்டாராம். அப்பாயிக்கு அப்போது பத்து வயது.

சரி, நோட்டுக்கு வருகிறேன். விற்பதற்கு அல்ல, விலை தெரிந்துகொள்ளத்தான் ரங்கூன் பொஜோ மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இதே நோட்டை 8,000 கியாட்டுக்கு வைத்திருந்த கடைக்காரர் என்னுடையதற்கு 1,500 என்றார். மூலையில் கறையாம்! ஐயா, அது என் அப்பாயியின் சுண்ணாம்பு விரல் பட்ட இடம். அவர் உயிரோடு இருந்தவரை அந்த வெற்றிலை வாடையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் அந்தக் கறைக்காக அரை மணி நேரம் வாதாடினேன். 1,800 ஆயிற்று, பிறகு 2,000 ஆயிற்று. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து 2,500 என்றதும் எனக்குப் பிடிபடாத பெருமை.

"விலை இன்னும் ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.