பிறந்த வருடத்து பாட்டில்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் சில சமயம் பழைய பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு வருவார்கள். திறந்து பரிமாற நாங்கள் ஒரு கட்டணம் வாங்கிக்கொள்வோம், கார்க்கேஜ் என்று பெயர். பெரும்பாலும் அது பிறந்தநாள்காரர் பிறந்த வருடத்து ஒயினாகத்தான் இருக்கும்.

ஒயின் என்றாலே பழசாகப் பழசாக ருசி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடையில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியது. பல பத்தாண்டுகள் தாங்க வேண்டுமானால் துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, ஆல்கஹால் இவற்றில் ஒன்றிரண்டாவது தூக்கலாக இருக்க வேண்டும். அதோடு அந்த வருடத்து வானிலையும் கைகொடுத்திருக்க வேண்டும்.

பிரான்சின் போர்தோவில் 1961 இன்றும் கொண்டாடப்படும் வருடம். இரண்டே வருடம் தள்ளி 1963-இல் பிறந்தவருக்கு அங்கே அதிர்ஷ்டம் இல்லை. பழுக்காத, அழுகிய திராட்சைதான் மிச்சம். ஆனால் அதே 1963, போர்ச்சுகலின் டௌரோ பள்ளத்தாக்கில் விளையும் போர்ட் என்ற இனிப்பு ஒயினுக்குப் பொன்னான வருடம். 1977-உம் அப்படித்தான்: போர்தோவில் வசந்தகாலப் பனி கொடிகளைக் கருக்கியது, டௌரோவில் அருமையான விளைச்சல். ஆக, ஊரை மாற்றிப் பார்த்தால் அநேகமாக எல்லோருக்கும் ஒரு பாட்டில் உண்டு. 1964-இல் பிறந்தவரா? ஸ்பெயினின் ரியோஹா பக்கம் பாருங்கள்.

வாங்கும்போது கொஞ்சம் உஷார். பேர்பெற்ற இனிப்பு ஒயினான ஷத்தோ இக்கெம், 1972, 1974, 1992 வருடங்களில் விளைச்சல் சரியில்லை என்று தன் பெயரில் பாட்டிலே வெளியிடவில்லை. அந்த வருடத்து இக்கெம் என்று யாராவது கொண்டு வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ரூடி குர்னியவான் என்பவர் போலிப் பழைய ஒயின் விற்றதற்காக 2013-இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. பொன்சோ என்ற பிரான்சின் பர்கண்டிப் பகுதிப் பண்ணையின் பெயரில் அவர் ஏலத்துக்குக் கொண்டுவந்த ஒரு வகை ஒயினின் சில பாட்டில்களில் 1945 என்று போட்டிருந்தது. அந்தப் பண்ணையோ அந்த ஒயினை 1980-களில்தான் செய்யத் தொடங்கியது!

போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலேயப் பணக்காரக் குடும்பங்களில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஞானப்பிள்ளை பிறந்தால் ஞானத்தந்தை, அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர், ஒரு 'பைப்' போர்ட் வாங்கி வைப்பார். பைப் என்பது சுமார் 550 லிட்டர் பீப்பாய். 700 பாட்டிலுக்கு மேல் வரும். பையனுக்கு 21 வயது ஆகும்போது ஒயினும் குடிக்கும் பக்குவத்துக்கு வந்திருக்கும். எழுநூறு பாட்டிலை ஒருவன் தனியாகக் குடித்துத் தீர்க்க முடியுமா? வாங்கும்போதே அவனுக்கு வரப்போகும் நண்பர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த வழக்கத்தில் பிடித்ததே அதுதான். பழைய ஒயினை ஒருவர் தனியே திறந்து உட்கார்ந்தால் எனக்கு என்னவோ வீண் என்றுதான் தோன்றும்.

எங்கள் உணவகத்தில் ஒருவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு 1963 போர்ட் வந்தது. விருந்துக்கு இரண்டு நாள் முன்பே கொண்டு வந்து கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். பாட்டிலின் ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புத் தீற்றல் இருந்தது. படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கான அடையாளம் அது. எதிர்ப்பக்கத்தில், டிகாஷனுக்கு அடியில் தங்குவது போல, மண்டி அடை அடையாகப் படிந்திருக்கும். பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் அது மெல்ல அடிக்கு இறங்கும். அதற்குத்தான் அந்த இரண்டு நாள்.

தக்கை அறுபது வருடத்தில் ஊறிப் பொதபொதவென்று ஆகியிருந்தது. வழக்கமான திருகாணியைப் போட்டால் தூள்தூளாகிவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள திறப்பான் ஒன்று உண்டு. தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தகடுகளை ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடியே மேலே இழுக்க வேண்டும். போர்ச்சுகலில் இன்னொரு முறையும் இருக்கிறது: பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தைக் கவ்வி, அப்புறம் ஈரத்துணியைச் சுற்றினால் கழுத்தே தக்கையோடு கழன்று வரும். பார்க்க ஜோராக இருக்கும். எனக்குத் தகடே போதும்.

போர்ட் பாட்டில் கரிய கண்ணாடி. அதனால் கழுத்துக்குக் கீழே டார்ச் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சாய்வில் டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன். இடையில் நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். கழுத்தில் கறுப்பாக ஓர் இழை தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அடியில் இரண்டு விரற்கடை ஒயின் போனது போனதுதான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றியதும் உலர்ந்த அத்திப்பழமும் தோலும் கலந்த மணம். நிறம் செங்கல் பக்கம் போயிருந்தது.

ஒரு பாட்டில் 750 மில்லி. பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 70 மில்லி வரும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் உதடுதான் நனையும். பழைய போர்தோ ஒயினாக இருந்தால் இன்னும் அவசரம் காட்ட வேண்டும். காற்றுப் பட்டால் சீக்கிரமே மணம் இறங்கிவிடும். உரையை ஆற்றிவிட்டுத் திறக்கலாமே தவிர, திறந்துவிட்டு உரையாற்றக் கூடாது. எப்போதும் கூடவே புதிய பாட்டில் ஒன்றை வைத்திருங்கள். தக்கைக் கோளாறால் நனைந்த அட்டை வாடை அடித்தால், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதைக் குடிக்க முடியாது.

அப்புறம் கேக். துவர்ப்பான சிவப்பு ஒயினைக் கேக்கோடு குடித்தால் வெறும் புளிப்புதான் நாக்கில் நிற்கும். அதைச் சாப்பாட்டோடு முடித்துவிட்டு, கேக் வெட்டும்போது போர்ட் அல்லது இனிப்பான மதேரா (போர்ச்சுகலின் மதேராத் தீவு ஒயின்) எடுங்கள். மதேரா ஒரு விசித்திரம். ஒரு காலத்தில் பீப்பாயைக் கப்பலில் ஏற்றி, இந்தியா வரை வெப்பக் கடலில் அனுப்பித் திருப்பி எடுத்தே அதைப் பக்குவப்படுத்தினார்கள். இப்போது உயர்ந்த வகைகளை வெப்பமான மேல்மாடிகளில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள். சூடும் காற்றும் முன்பே அதன்மேல் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதால், திறந்த பிறகும் மாதக்கணக்கில் கெடாது. விருந்துக்கு வர முடியாமல் போன நண்பர் அடுத்த மாதம் வந்தால்கூட அவருக்கும் ஒரு கிளாஸ் இருக்கும்.