65 கிலோவுக்குள் ஒரு பையன்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழம்பைக் கிளறிக்கொண்டே ரேடியோ கேட்கிற டர்பன்காரர்களுக்கும், காரில் போய்க்கொண்டிருக்கிறவர்களுக்கும் வணக்கம். மல்யுத்தம் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாற்பது வருஷமாகப் பையன்களுக்குப் பிடி சொல்லிக்கொடுக்கிறவனிடம் ஆறு நிமிஷம் கொடுத்தால் என்ன செய்வது, சொல்லுங்கள்!

டெலிவிஷனில் நாற்காலியால் அடித்துக்கொள்கிறார்களே, அதைச் சொல்லவில்லை. ஒலிம்பிக்கில் நடக்கிற ஃப்ரீஸ்டைல். மூன்று நிமிஷம், நடுவில் அரை நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், மறுபடி மூன்று நிமிஷம். எதிராளியின் இரண்டு தோளையும் மெத்தையில் பதித்தால் ஆட்டம் முடிந்தது. பத்து பாயின்ட் முந்திவிட்டாலும் முடிந்தது.

நான் சொல்ல வந்த பையனுக்கு வயது இருபது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம், 65 கிலோ பிரிவு. பெயர் வேண்டாம். நம் டர்பன் சாட்ஸ்வொர்த் பேட்டையில் ஒருவன் பெயரை ரேடியோவில் சொன்னால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவனுடைய ஆயா எனக்கு ஃபோன் போட்டுவிடும்.

அவன் வேகத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். நான் பார்ப்பது இடுப்பை. தைப்பூசத்தில் காவடி எடுத்து ஆடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். பாரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடுப்பு தானாக அந்தப் பக்கம் போய் ஏந்திக்கொள்ளும். அந்த இடுப்பு இவனுக்கு. எவனாவது காலைப் பிடிக்கப் பாய்ந்தால், இவன் இரண்டு காலையும் பின்னால் எறிந்து, மொத்த எடையையும் அவன் முதுகில் போட்டு, சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடுவான். இரண்டு பாயின்ட். இதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

சரி, குறைக்கு வருவோம். பாயும்போது தலையைக் கவிழ்க்கிறான். கார் டிக்கியிலிருந்து அரிசி மூட்டையை எப்படித் தூக்குவீர்கள்? முழங்காலை மடக்கி, முகத்தை நிமிர்த்தி. இடுப்பை வளைத்துத் தலையைத் தொங்கப்போட்டால் முதுகு போச்சு. மல்யுத்தத்தில் தலை தொங்கினால் எதிராளி கழுத்தின் மேல் படுத்துக்கொள்வான். இது பழக்கதோஷம்தான், ஆறு மாதத்தில் திருத்தலாம்.

பெரிய குறை என்று மற்றவர்கள் சொல்வது, அவன் காத்திருக்கிறான் என்பது. உண்மைதான். முதலில் பாயவே மாட்டான். எதிராளி தப்புப் பண்ணட்டும் என்று நிற்பான். பெரிய போட்டியில் அது செல்லாது. சும்மா நிற்கிறவனை நடுவர் முதலில் எச்சரிப்பார், அடுத்த தடவை முப்பது வினாடி கெடு வைப்பார், அதற்குள் யாரும் பாயின்ட் எடுக்காவிட்டால் எதிராளிக்கு ஒன்று போய்விடும். அதுதான் அவன் பாணி, மாற்ற முடியாது என்கிறார்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டி எதுவும் இல்லாத ஒரு ஜூலை மாதம் பயிற்சிக்கு வந்தான். நன்றாகச் சாப்பிட்டு, 71 கிலோ. மூன்று நிமிஷத்தில் ஏழு தடவை தானாகப் பாய்ந்தான். உட்கார்ந்து எண்ணினேன். அதே பையன் போட்டிக்கு வரும்போது கன்னம் ஒட்டி, உதடு வெடித்து நிற்கிறான். ஆறு கிலோ இறக்கியிருக்கிறான். இரண்டாவது பாதியில் அவன் இடது கையைப் பாருங்கள், தொங்கும். பாணியாவது ஒன்றாவது. அது பசி.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் செய்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசி, பிப்ரவரி வெயில். உடம்பில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன் மேல் அண்ணனுடைய குளிர்காலச் சட்டையைப் போட்டு, கரும்புத் தோட்டத்துப் பாதையில் ஓடினேன். தண்ணீர் கிடையாது. ஒரு டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பேன், அதிலும் கொஞ்சம் எடை குறையுமாம். மளிகைக்கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பேன். கடைக்காரர் குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, "இன்னும் அரைக்கிலோ இருக்குடா தம்பி" என்பார். மறுபடி ஓட்டம். எடை சரியாக வந்தது. ஆட்டத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? மூன்று தடவை நான் ஜெயித்த பையன்தான் எதிரில். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன், விரல் மூடவில்லை. என் விரல்தான், என் பேச்சைக் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தோற்ற பிறகுதான் பிரித்தேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட்டுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 50 கிலோ பிரிவு. முதல் நாள், சர்வதேசப் போட்டியில் தோற்றதே இல்லாத ஜப்பானின் யுய் சுசாகியைச் சாய்த்தார், இறுதிப் போட்டிக்கும் வந்துவிட்டார். மறுநாள் காலை எடையில் 100 கிராம் கூட. ஒரு சோப்புக்கட்டி. போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

மேலே ஏறிப் பிழைத்தவரையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் சுஷில் குமார் 66 கிலோவில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார். அந்தப் பிரிவை எடுத்துவிட்டதும் 74க்குப் போனார். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் இறுதியில் நம் தென்னாப்பிரிக்காவின் யோஹானஸ் போத்தாவை 80 வினாடியில் பத்துக்குப் பூஜ்யம் என்று முடித்தார். பிற்பாடு அவர் கதை வேறு மாதிரிப் போனது, அது இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி ஒரு விரலைக் காட்டுகிறாள். ஒரு நிமிஷமாம். எதிர்காலம்தான் பாக்கி!

வேகமாகச் சொல்கிறேன். அடுத்த வருஷம் 70 கிலோ. அது ஒலிம்பிக்கில் இல்லை, உலகப் போட்டியில் உண்டு. அங்கே பயமில்லாமல் முதலில் பாயக் கற்றுக்கொள்ளட்டும். அப்புறம் உடம்பு தானாக 74க்கு வளரும். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் மல்யுத்தமே கிடையாது, அதனால் அவசரமும் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் கொஞ்சம் சீக்கிரம், ஆனாலும் தகுதிப் போட்டி வரைக்கும் போவான் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் காலத்தில் அந்த வாசலே இல்லை. 1970இல் இந்த நாட்டை ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து வெளியேற்றினார்கள், 1992இல்தான் திரும்பப் போனோம். அதைப் பேச இன்னொரு ஞாயிறு கொடுங்கள்.

ஆயா, கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை: இன்றைக்குப் பையன் தட்டை நீட்டினால் இரண்டாவது தடவையும் போடுங்கள். கோச் சொன்னதாகச் சொல்லுங்கள். வணக்கம்.