புதுக்கடைக்குப் போகுமுன்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, மாதர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வெள்ளவத்தை வர்த்தகப் பெருமக்களே, நேரத்துக்கு வந்த அம்மாமாரே, தேநீர் நேரத்துக்கு வந்த ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நீதிபதி ஐயா இருக்கும் சபையில் நான் சட்டம் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். நான் பிழையாக ஏதும் சொன்னால் ஐயா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதாக ஏற்பாடு. அதனால் நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம், ஐயாவைப் பாருங்கள்.

குடும்ப வழக்கோடு கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களின் படி ஏறுமுன் தெரிந்திருக்க வேண்டிய நான்கு விஷயத்தை இன்றைக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விவாகரத்து, தாபரிப்பு என்னும் வாழ்க்கைச் செலவுப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, சொத்து.

முதலாவது. இலங்கையில் எல்லோருக்கும் ஒரே விவாகரத்துச் சட்டம் கிடையாது. முஸ்லிம் சகோதரர்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும் உண்டு. மலைநாட்டுச் சிங்களவருக்குரிய கண்டியச் சட்டப்படி மணந்தவர்களுக்கு 1952 ஆம் ஆண்டுச் சட்டம். அவர்களில் கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே போய்ப் பிரிந்துகொள்ளலாம். மிச்சம் உள்ள நாம், இந்துவோ கிறிஸ்தவரோ, 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறோம். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்ற தனி வழமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது சொத்துக்கு. பிரிவதென்றால் அவர்களுக்கும் மாவட்ட நீதிமன்றம்தான்.

அந்தச் சட்டம் மூன்றே காரணங்களை ஏற்கிறது. திருமணத்துக்குப் பிறகு வேறொருவரோடு தகாத உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத மலட்டுத்தன்மை... ஐயா கண்ணாடியில் கை வைத்துவிட்டார். மலட்டுத்தன்மை அல்ல, தாம்பத்திய உறவுக்கான இயலாமை. பிள்ளை இல்லை என்பது விவாகரத்துக்குக் காரணமே அல்ல, மாமியார்மார் குறித்துக்கொள்ளவும்.

'எங்களுக்கு ஒத்துவரவில்லை' என்பதும் அந்த மூன்றில் இல்லை. இருவரும் சம்மதித்து நொத்தாரிசிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது விவாகரத்து ஆகாது. கைவிட்டுப் போதலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அடி தாங்க முடியாமல் மனைவி தாய்வீட்டுக்குப் போனால், கைவிட்டவர் வீட்டில் இருக்கும் கணவராகவே கருதப்படலாம். யார் படி இறங்கியது என்பதை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை, ஏன் இறங்கினார் என்றும் பார்க்கும். தீர்ப்பு வந்தாலும் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அது முடிந்த முடிவாகும். அதற்குள் யாரும் அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது தாபரிப்பு. விவாகரத்து முடிந்த பிறகுதான் காசு கேட்கலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் இப்போதே கேட்கலாம். மனைவிக்கு, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, 18 முதல் 25 வயது வரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீதவான் தானாக உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். சட்டை தைத்துப் பிழைப்பவர். சிங்களம் மணியாகப் பேசுவார். மீன்காரரோடு விலை பேசினால் மீன்காரர்தான் களைத்துப்போவார். ஆனால் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கொழும்பில் நம்மில் பலர் அப்படித்தான். கணவர் வீட்டை விட்டுப் போய் வருடக் கணக்காகிறது. ஒருநாள் பதிவுத் தபாலில் தடித்த உறை ஒன்று வந்தது. எல்லாம் சிங்களம். அந்த நேரம் பார்த்துப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அக்கா கடதாசியை நீட்டினார். பாண்காரத் தம்பி மேலே இரண்டு வரி பார்த்தார். "கல்யாண விஷயம் அக்கா" என்றார். ஒரு கிம்புலா பணிஸையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தொலைந்துபோன விவாகச் சான்றிதழின் பிரதிக்குப் பதிவாளரிடம் எழுதிப் போட்டிருந்தார். அதுதான் வந்துவிட்டதாக நினைத்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். பக்கத்து வீடுகளுக்குக் கற்கண்டு. (நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.) பிள்ளையாருக்கு முன்னால் அவ்வளவு நாளும் இருந்தது கணவர் போட்ட விவாகரத்து வழக்கின் அழைப்பாணை. தவணை நாள் போய்விட்டது. வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்து தீர்ப்பாணை வந்தது. இந்தமுறை வாசித்தது மகனின் டியூஷன் ஆசிரியர். அப்படி வந்த தீர்ப்பாணையை நீக்கச் சொல்லிக் கேட்பதற்குச் சட்டம் தருவது 14 நாள். அக்காவுக்கு அதில் பத்து நாள் போய்விட்டது. எப்படியோ ஓடி, இலவசச் சட்ட உதவி பிடித்து, வழக்கைத் திறந்தாயிற்று. அப்புறம் மன்றில் நின்று தமிழில் சொல்கிறேன் என்றபோது கிடைத்த பதில்: மொழிபெயர்ப்பாளர் இல்லை, அடுத்த தவணைக்கு வாருங்கள். அடுத்த தவணையிலும் அதே பதில்.

அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விட்டதில்லை. செயலாளர் சிரிக்கிறார், அவருக்கு மனப்பாடம். வழக்காளி தமிழில் மனுப் போடலாம், தமிழில் பங்குபற்றலாம். நீதிமன்றத்தின் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசுதான் தர வேண்டும். வழக்கேட்டின் பகுதியைத் தமிழில் பெறவும் உரிமை உண்டு. இது சலுகை அல்ல. குடும்ப வழக்கில் இது இன்னும் முக்கியம். காணி வழக்கில் உறுதி பேசும், வரைபடம் பேசும். விவாகரத்து வழக்கில் அறைக்குள் நடந்ததைப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை அரைகுறைச் சிங்களத்தில் சொன்னால் அரைகுறையாகத்தான் பதிவாகும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், சரி. ஆனால் எந்த மொழியில் அழுவது?

அதனால்தான் கொழும்பு நீதிமன்றங்களுக்குப் போதிய தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை நியமிக்கக் கேட்டு மகஜர் தயாரித்திருக்கிறோம். அழைப்பாணையோடு தமிழிலும் ஒரு தாள் வைக்கக் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளையும் கேட்கிறேன்: எல்லோரும் கணக்காளராகத்தான் போக வேண்டுமா? மும்மொழியும் தெரிந்த பிள்ளை இந்த வேலைக்கு விண்ணப்பித்தால் என்ன?

தலைவர் மணி அடித்துவிட்டார். சொத்தைப் பற்றி ஒரே வரி: தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அவர் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். பிள்ளைகளின் பொறுப்பு பற்றி நீதிபதி ஐயாவே அடுத்த கூட்டத்தில் பேசுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். ஐயா இப்போது கண்ணாடியை முழுதாகக் கழற்றிவிட்டார்.

மகஜர் வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது தமிழில்தான் இருக்கிறது, ஆனாலும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். வழக்குப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியவர்கள் கூட்டம் கலைந்த பிறகு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், வந்த கடதாசிகளையும் கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.